விடுதி வாழ்வும் மாணவர் தலைமையும்

மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையிலே, தில்லை மரங்கள் சூழ முருகப்பெருமான் கோயில் கொண்டெழுந்தருளியிருக்கும் மண்டூரிலிருந்து இக்கட்டுரையை வரைகின்றோம். இக்கரையைப் படுவான்கரை என்றும், ஞாயிறு எழும் கடற்பக்கத்தை எழுவான்கரை என்றும் எம் முன்னோர் வழங்கினர். வயலும் குளமும் ஆனிரையும் படுவான்கரையின் செல்வம். பெருங்கல்லூரிகளோ பெரும்பாலும் எழுவான்கரையிலேயே எழுந்தன. ஆகலின், இப்பகுதிப் பிள்ளையொருவன் மேல்வகுப்புக் கல்வியை நாடினானாயின், தகரப் பெட்டியொன்றிலே இரண்டு சாரமும் நாலு சட்டையும் அடுக்கிக்கொண்டு, மண்டூர்த் துறையிலே தோணியேறிக் குருமண்வெளியில் இறங்கி, அப்பாற் செல்லுதல் நெடுங்கால வழக்கமாயிருந்தது. அவ்வாறு சென்ற பிள்ளைக்கு வீடாய் அமைந்தது விடுதி. தாயின் கையாற் சோறுண்ட பிள்ளை, முன்பின் அறியாத பலரோடு ஒரு பந்தியில் முதன்முதலாக இருந்து உண்ட இடமும் அதுவே.

கல்லூரி விழா மலர்களிலே பழைய மாணவர் எழுதுவனவற்றை நோக்கின், வகுப்பறையை நினைவுகூர்வார் சிலராகவும் விடுதியை நினைவுகூர்வார் பலராகவும் இருத்தலைக் காணலாம். இதற்குக் காரணம் இளமைக் குறும்புகளின் இனிமை மட்டுமன்று. பிறரோடு வாழவும், பிறர்பொருட்டுப் பொறுப்பேற்கவும் அவர்கள் கற்ற இடம் அதுவாகும். மாணவர் தலைமை என்னும் பண்பு விடுதி வாழ்வில் எவ்வாறு முளைக்கின்றது, எவ்வாறு வளர்க்கப்படுதல் வேண்டும் என்பவற்றை ஆராய்தலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நன்னூல் கூறும் கணக்கு

கல்வி எவ்வாறு முற்றுப்பெறுகின்றது என்பதற்குப் பவணந்தி முனிவர் நன்னூற் பாயிரத்திலே ஒரு கணக்குச் சொல்லியுள்ளார். ஆசிரியர் உரைத்ததை எத்துணைக் கருத்தோடு கேட்டாலும் மாணவன் பெறுவது காற்பங்கே. உடன் பயில்வாரோடு பழகிப் பயிலுதலால் மற்றொரு காற்பங்கு சேரும். எஞ்சிய அரைப்பங்கோ, தான் கற்றதைப் பிறர்க்கு எடுத்துரைக்கும்போதே கைகூடும். இலக்கணக் கல்விக்குச் சொல்லப்பட்ட இக்கணக்குத் தலைமைக் கல்விக்கும் பொருந்தும் என்பது எமது துணிபு. விடுதிப் பொறுப்பாசிரியர் கூறும் ஒழுங்கு விதிகள் காற்பங்கு. தோழரோடு கூடி வாழ்தல் காற்பங்கு. தாமே ஒரு கடமையை ஏற்றுப் பிறர்க்குச் செய்து முடித்தல் அரைப்பங்கு. வகுப்பறையிலே முதற் காற்பங்கு எளிதிற் கிடைக்கும். ஏனைய முக்காற் பங்கினையும் ஒருங்கே தரவல்ல இடம் விடுதியே.

உடன் பயின்றோரைத் தமிழ் மரபு மிகவும் மதித்தது. தொல்காப்பியத்துக்குப் பாயிரம் செய்த பனம்பாரனார், தொல்காப்பியரோடு ஒருசாலை மாணாக்கராய் இருந்தவர் என்பது மரபு. ஒரு நூலுக்குச் சிறப்புப் பாயிரம் செய்தற்கு உரியார் யாவர் என வகுக்குமிடத்து, ஆசிரியன், மாணாக்கன், உரைகாரன் ஆகியோரோடு உடன் கற்றோனையும் ஒருவனாக நன்னூலார் வைத்தார். ஒருவனுடைய தகுதியை உடன் வாழ்ந்தவன் அறிவான் என்பதன்றோ இதன் கருத்து? மேடையிற் கண்டார் எம்மைப் புகழலாம். ஒரே கிணற்றடியில் நீர் மொண்டவர்களே எம்மை அறிவார்கள்.

பதவியும் தலைமையும்

இங்கு ஒரு வேறுபாட்டைத் தெளிந்துகொள்ளுதல் வேண்டும். மாணவ முதல்வன் என்பது பதவி. அது சட்டையிற் குத்தும் சின்னத்தோடு வரும். ஆண்டிறுதியில் அச்சின்னத்தோடு நீங்கும். தலைமை என்பதோ, தன்னைச் சூழ்ந்தார்க்கு உற்ற குறையை அவர் சொல்லுமுன் உணர்ந்து, அதனை நீக்க வழிகாணும் ஆற்றல். பதவியுள்ளார் எல்லாரிடத்தும் இவ்வாற்றல் இருப்பதில்லை. இவ்வாற்றல் உள்ளார் எல்லாரும் பதவியை நாடுவதும் இல்லை. இவ்வேறுபாட்டை யாம் நூலிற் கற்கவில்லை. எமது பிழையாற் கற்றோம். அதனைக் கூறுதல் எமக்குப் பெருமையன்று. எனினும் இளையோர்க்குப் பயன்படுமென்று கூறுகின்றோம்.

1996ஆம் ஆண்டு யாம் ஒரு விடுதியிலே தங்கிப் பயின்றோம். அது போர்க்காலம். வாவியின் இரு கரைகளும் இருவேறு பிடிகளில் இருந்தன. வெள்ளிக்கிழமை ஊருக்குச் சென்ற பிள்ளை திங்கட்கிழமை திரும்புவான் என்பது உறுதியன்று. அவ்வாண்டு மாணவர் மன்றத்திலே தலைமைத்துவம் என்னும் பொருள்பற்றி யாம் ஆற்றிய சொற்பொழிவு பெரிதும் பாராட்டப்பெற்றது. அதன் பயனாக, உணவுக்குழுவுக்கு எம்மையே செயலாளராகத் தெரிந்தனர். செயலாளர் என்ற முறையில் யாம் முதற்பந்தியில் முதலில் இருந்தோம். மேல்வகுப்பார் அடுத்து இருந்தனர். ஆறாம் வகுப்புச் சிறுவர் கடைசிப் பந்தி. முதலில் அகப்பையில் வந்த பருப்பு கட்டியாக இருந்தது; கடைசியில் வந்தது மஞ்சள் நீராக இருந்தது. சோறும் அவ்வாறே குறைந்தது. இதனை யாம் அறியவில்லை என்று சொல்லுதல் பொய்யாகும். எமது உண்கலம் நிறைந்திருந்தமையால் அறிய முற்படவில்லை என்பதே மெய்.

கடைசிப் பந்தியில் இருந்த சிறுவருள் ஒருவன் படுவான்கரைக் கிராமமொன்றிலிருந்து வந்தவன். ஒரு வெள்ளிக்கிழமை வீட்டுக்குச் சென்றவன் திரும்பவில்லை. பாதை மூடியிருக்கும் என்று எல்லாரும் எண்ணினோம். இரு வாரங்களின் பின்னர், எம் வகுப்பிலே அதிகம் பேசாத தோழனொருவன் அச்சிறுவனுடைய ஊருக்குச் சென்று விசாரித்து வந்தான். பாதை திறந்தே இருந்தது. இரவிலே பசியோடு படுக்க இயலாமையாற் பிள்ளை வர மறுத்தான் என்று தாய் சொன்னாளாம். அவன் பின்னர் எந்தக் கல்லூரிக்கும் செல்லவில்லை.

அத்தோழன் எம்மோடு சண்டையிடவில்லை, கூட்டம் கூட்டவுமில்லை. ஒரு கொப்பியை எடுத்துக்கொண்டு ஏழு நாள் குசினி வாயிலில் நின்றான். எத்தனை சுண்டு அரிசி உலையில் இடப்பட்டது, எத்தனை பேர் உண்டனர், எந்தப் பந்திக்கு எத்தனை அகப்பை சென்றது என்று எழுதினான். எட்டாம் நாள் அதனைப் பொறுப்பாசிரியரிடம் காட்டி மூன்று மாற்றங்களை மட்டும் வேண்டினான்: பருப்புக் கிடாரத்தை ஒவ்வொரு பந்திக்கும் கலக்குதல், சிறுவரை முதலில் இருத்துதல், உணவுக்குழுவார் எல்லார்க்கும் பின்னர் உண்ணுதல். அரிசியின் அளவு கூட்டப்படவில்லை, செலவும் கூடவில்லை. அன்று தொடக்கம் அவ்விடுதியிலே எந்தச் சிறுவனும் பசியோடு படுக்கவில்லை. அத்தோழன் ஒருநாளும் மாணவ முதல்வன் ஆனதில்லை. படிப்பை விட்ட அச்சிறுவர் இன்று வேளாண்மை செய்து வாழ்கின்றார். சந்தையில் எம்மைக் காணும்போதெல்லாம் "சேர்" என்று எழுந்து நிற்பார். அம்மரியாதை எம்மைச் சுடுகின்றது.

பந்தியும் வரலாறும்

உணவுப் பந்தி சிறு பொருள், அதனைத் தலைமையோடு இணைத்துப் பேசுதல் மிகை என்று சிலர் கருதலாம். வரலாறு அவ்வாறு கூறவில்லை. தமிழ்நாட்டிலே சேரன்மாதேவியில் வ. வே. சு. ஐயர் 1922ஆம் ஆண்டளவில் தமிழ்க் குருகுலமொன்றை நிறுவினார். தேசத் தொண்டுக்கு இளைஞரைப் பயிற்றுதல் அதன் நோக்கம். அங்கே பிராமணச் சிறுவர் இருவருக்கு மட்டும் தனியாக உணவளிக்கப்பட்டது என்ற செய்தி வெளிவந்தபோது நாடெங்கும் கொந்தளிப்பு உண்டாயிற்று. பெரியார் ஈ. வெ. இராமசாமியாரும் வரதராசலு நாயுடுவும் அதனை எதிர்த்தனர். 1925ஆம் ஆண்டு சூன் மாதம் ஐயர் பாபநாசத்து அருவியில் உயிர் நீத்தார். அவ்வாண்டின் இறுதியிலே பெரியார் காங்கிரசை விட்டு நீங்கியமைக்கு இருந்த காரணங்களுள் இதுவும் ஒன்று. ஒரு விடுதியின் பந்தி ஒரு நாட்டின் அரசியலையே திருப்பிவிட்டது. உயர்ந்த நோக்கத்தோடு எழுந்த நிலையமாயினும், பந்தியிலே சமன்மை தவறுமாயின் அது நிலைபெறாது என்பது இதனாற் பெறப்படும்.

இதற்கு மறுதலையான எடுத்துக்காட்டும் உண்டு. சென்னை மயிலாப்பூரிலே வறிய மாணவர்க்கென 1905ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற இராமகிருஷ்ண மிஷன் மாணவர் இல்லத்திலே, இல்லப் பணிகளை மாணவர் தாமே பகிர்ந்து செய்யும் முறை நிலவியது. இந்த மயிலாப்பூருக்கே 1922ஆம் ஆண்டு எம் மட்டக்களப்பு மைந்தர் ஒருவர், தாம் வகித்த மானிப்பாய் இந்துக் கல்லூரித் தலைமையாசிரியர் பதவியைத் துறந்து, துறவு பூணச் சென்றார். காரைதீவிலே 1892ஆம் ஆண்டு பிறந்த அவர், 1924ஆம் ஆண்டு சுவாமி விபுலாநந்தர் ஆயினார். நாடு திரும்பி இராமகிருஷ்ண மிஷன் பாடசாலைகளின் பொறுப்பை ஏற்ற அடிகளார், 1929ஆம் ஆண்டு கல்லடி உப்போடையிலே சிவானந்த வித்தியாலயத்தை நிறுவினார். ஏழைப் பிள்ளைகளும் பெற்றோரை இழந்த பிள்ளைகளும் தங்கிப் பயில இல்லங்கள் அமைந்தன. அடிகளாரும் எம்மைப்போல் ஆசிரிய பயிற்சிச் சான்றிதழ் பெற்றவர் என்பதை எண்ணுந்தோறும் எமக்கு ஊக்கம் பிறக்கின்றது. பின்னர் பேராசிரியராக உயர்ந்தபோதும், அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலிருந்த நாள்களிலே திருவேட்களத்து ஒடுக்கப்பட்ட மக்களின் சேரிக்குச் சென்று பிள்ளைகளுக்குக் கற்பித்தார். 1947ஆம் ஆண்டு யாழ் நூல் அரங்கேறிய சில வாரங்களில் இறையடி சேர்ந்த அவரது திருமேனி, சிவானந்த வித்தியாலய வளவிலேயே அடக்கம் செய்யப்பட்டது. பிள்ளைகள் நடமாடும் இடமே அவருக்கு நிலையான இருப்பிடமாயிற்று.

யாழ்ப்பாணத்திலும் இக்காலத்தே கல்லூரிகளிற் பயின்றோரும் இளம் ஆசிரியரும் கூடி, 1924ஆம் ஆண்டு மாணவர் காங்கிரசைத் தொடங்கினர். இளைஞர் காங்கிரசு எனப் பின்னர் வழங்கப்பட்ட அவ்வியக்கத்தின் முன்னோடியான ஹன்டி பேரின்பநாயகம், பிற்காலத்திலே கொக்குவில் இந்துக் கல்லூரியின் அதிபராக விளங்கினார். தீண்டாமையை ஒழித்தல் அவர்களின் குறிக்கோள்களுள் ஒன்று. 1927ஆம் ஆண்டு காந்தியடிகள் யாழ்ப்பாணம் வந்ததும் அவ்விளைஞரின் முயற்சியாலேயே. அவர்கள் 1931ஆம் ஆண்டுச் சட்டசபைத் தேர்தலைப் புறக்கணிக்கச் செய்தமை தக்கதோ தகாததோ என்று இன்றும் வாதிடுவர். அது நிற்க. சாதி கடந்து ஒருங்கே இருத்தலை நாட்டுக்குச் சொல்லுமுன் தம்மிடையே பழகிக்கொள்ள முயன்றமையே யாம் அவர்களிடம் கற்கத்தக்கது.

பல்கலைக்கழக விடுதிகள்

கல்லூரி விடுதியிலிருந்து பல்கலைக்கழக விடுதிக்கு வருவோம். இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதல் துணைவேந்தரான ஐவர் ஜெனிங்ஸ், மாணவர் யாவரும் தங்கிப் பயிலும் பல்கலைக்கழகமாகப் பேராதனையை வகுத்தார். 1952ஆம் ஆண்டிலே மாணவர் அங்குச் சென்று குடியேறினர். அருணாசலம், இராமநாதன், ஜயதிலக்க முதலிய பெயர்களைத் தாங்கிய மண்டபங்கள் எழுந்தன. பல மொழியாரும் பல சமயத்தாரும் ஒரு மண்டபத்திலே வாழ்ந்து, தமது சங்கத்தைத் தாமே நடத்திப் பழகுதல் கல்வியின் கூறு என்பது அத்திட்டத்தின் உயிர்நிலை. 1960களில் மாணவர் தொகை பெருகவே, யாவர்க்கும் அறை என்பது இயலாதாயிற்று. எம் மாகாணத்திலே, விடுதிகளோடு விளங்கிய வந்தாறுமூலை மத்திய மகா வித்தியாலய வளவிலேயே 1981ஆம் ஆண்டு பல்கலைக்கழகக் கல்லூரி தோன்றி, 1986ஆம் ஆண்டு கிழக்குப் பல்கலைக்கழகம் ஆயிற்று.

ஆயினும் இவ்விடுதிகளிலே நுழைந்துவிட்ட ஒரு நஞ்சை மறைத்தல் ஆசிரியர்க்கு அழகன்று. முன்வந்தவர் பின்வந்தவரைத் துன்புறுத்தி மகிழும் பகிடிவதையே அது. 1997ஆம் ஆண்டு பேராதனையிலே பயின்ற தமிழ் மாணவன் ஒருவன் அதனால் உயிரிழந்தான். அடுத்த ஆண்டிலே அதனைக் குற்றமாக்கும் 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டம் நிறைவேறியது. சட்டம் வந்தபின்னும் தீமை முற்றாக ஒழியவில்லை. பகிடிவதை செய்வாரை நோக்கின், அவர்களும் தலைமையையே நாடுகின்றனர் என்பது புலப்படும். பிறர் தமக்கு அஞ்சுதலைத் தலைமையென்று மயங்குகின்றனர். கடைசிப் பந்திச் சிறுவனைப் பாராது முதலில் உண்ட எமது பிழைக்கும் அவர்கள் கொடுமைக்கும் அளவில் வேறுபாடு உண்டு, வேர் ஒன்றே. இளையவனை முதலில் இருத்தப் பழகிய கை, பின்னொரு நாளில் இளையவன்மீது ஓங்காது.

மாணவன் செய்யத்தக்கவை

இனி, விடுதிக்குப் புதிதாகச் சேரும் மாணவன் தலைமைப் பணியில் எவ்வாறு ஈடுபடலாம் என்பதை ஒழுங்காகக் கூறுவோம்.

முதலாவது, பெயர் அறிதல். முதல் மாதத்துக்குள் விடுதியிலுள்ள ஒவ்வொருவரின் பெயரையும் ஊரையும் அறிந்துகொள்க. சமையல் செய்வாரையும் காவல் செய்வாரையும் இதிலிருந்து விலக்கற்க. பெயர் அறியாதவனுடைய துன்பம் எமக்குத் துன்பமாகத் தோன்றாது.

இரண்டாவது, எவரும் விரும்பாத பணியை ஏற்றல். மன்றத் தலைவர் பதவிக்குப் போட்டியிடுவார் பலர். கிணற்றடி துப்புரவுக்கும் நோயுற்ற மாணவனுக்குக் கஞ்சி கொண்டு செல்லுதற்கும் போட்டி இல்லை. அங்கே தொடங்குக. முறைப்பட்டியல் எழுதுதல், எழுதியபடி பிறரைச் செய்வித்தல், வராதவனுக்குப் பதிலாகத் தானே செய்தல் ஆகிய மூன்றும் அங்கே கைவரும்.

மூன்றாவது, கணக்கும் அறிக்கையும் கற்றல். ஒரு கூட்டத்தின் நிகழ்ச்சிகளைக் கூட்டாமலும் குறைக்காமலும் எழுதப் பழகியவன், தனக்கு மாறான கருத்தையும் செவ்வையாகக் கேட்கப் பழகியவன் ஆகின்றான். வரவு செலவை மாதந்தோறும் சுவரில் ஒட்டும் செயலாளனை எவரும் ஐயுறார்.

நான்காவது, குறையை எடுத்துரைக்கும் முறை. மாணவத் தலைவன் இரு கரைகளுக்கு இடையே ஓடும் தோணி போன்றவன். பொறுப்பாசிரியருக்கு ஒற்றனாகவும் கூடாது. மாணவரைத் தூண்டிவிடுவோனாகவும் கூடாது. குறை உண்மையா என்று முதலில் ஆராய்க. எண்களோடு எழுதுக. தனியே சென்று பணிவோடு கூறுக. குறையோடு தீர்வையும் கொண்டு செல்க. மறுக்கப்பட்டால் காரணத்தைக் கேட்டு வந்து தோழர்க்கு உள்ளவாறே உரைக்க.

ஐந்தாவது, விட்டு நீங்கல். தன் பணியை அடுத்த ஆண்டில் ஏற்கத்தக்க ஒருவனைப் பழக்கிவிட்டு நீங்குபவனே நல்ல தலைவன். தேர்வை மறந்து சங்கமே கதியென்று திரிதலும் தவறு. தன் பாடத்தைக் கைவிட்டவன் சொல்லுக்கு இளையோரிடம் மதிப்பிராது.

பெரியோர்க்கு ஒரு வேண்டுகோள்

விடுதிப் பொறுப்பாசிரியர்க்கும் ஒன்று கூற விழைகின்றோம். நாவன்மை உடையவனையே ஆண்டுதோறும் தெரிதல் எளிது. எம்மைத் தெரிந்ததும் அவ்வாறே. வினையின் தன்மையையும் அதற்குரியவனையும் ஆராய்ந்து, துணிந்தபின் அவனிடமே அதனை விட்டுவிடுதல் வேண்டும் என்பது திருவள்ளுவர் தெரிந்து வினையாடல் என்னும் அதிகாரத்திற் காட்டிய நெறி. பேசாத பிள்ளைக்கும் முறைவைத்து ஒரு பொறுப்பை அளித்துப் பாருங்கள். விட்டபின் நாழிகைதோறும் தலையிடாதீர்கள். பிள்ளை சிறு பிழை செய்து திருந்துதற்கு விடுதியைவிடப் பாதுகாப்பான இடம் வேறில்லை.

விழாக் கொண்டாடும் பழைய மாணவர்காள்! கல்லூரி அன்னைக்கு வாயில் வளைவும் மண்டபமும் அமைத்துக் கொடுக்க முன்வரும் உங்கள் அன்பைப் போற்றுகின்றோம். அவற்றோடு, விடுதியுள்ள கல்லூரியாயின் ஒருநாள் அறிவியாது அங்குச் சென்று கடைசிப் பந்தியில் இருந்து உண்டு பாருங்கள். விடுதி மூடப்பட்ட கல்லூரியாயின், தொலைவிலிருந்து வரும் பிள்ளை மதியம் என்ன உண்கின்றான் என்று கேட்டறியுங்கள். பாதைகள் செப்பமாகிய இந்நாளிலும், வறுமையால் ஒரு வேளை உணவைக் கருதியே பள்ளிக்கு வரும் பிள்ளைகள் எம் வகுப்பிலும் உளர்.

இன்று எமது வகுப்பிலே மாணவத் தலைவரைத் தெரியும் நாள் வரும்போது, சொற்பொழிவுப் போட்டி நடத்துவதை விட்டுவிட்டோம். பாடசாலையில் வழங்கும் உணவைப் பரிமாறும் பொறுப்பை வாரத்துக்கு இருவராக எல்லார்க்கும் கொடுக்கின்றோம். எவன் கடைசிப் பிள்ளையின் உண்கலத்தைப் பார்த்த பின்னர் தன் உண்கலத்தை எடுக்கின்றான் என்று கவனிக்கின்றோம். அவனுடைய பெயரையே எழுதிக்கொள்கின்றோம்.